நாலு ராத்திரி பஸ்ஸில் தூங்கினால் காசு மிச்சமா?

ஆகன்_பையன்:
ஜெர்மனியில் ஆகன் நகரில் முதுகலை படிக்கிறேன். மார்ச் விடுமுறையில் நண்பர்கள் நாலு பேர் ஆளுக்கொரு பையோடு கிளம்பினோம். பாரிஸ், மிலான், வெனிஸ், புடாபெஸ்ட், வியன்னா, பிராக். 11 இரவு, 12-ஆம் நாள் காலையில் வீடு. ஆளுக்கு 550 யூரோ ஆனது. பஸ் 178, ஹாஸ்டல் (பயணிகள் தங்கும் மலிவு விடுதி) 182, சாப்பாடு 120, மெட்ரோவும் நுழைவுச் சீட்டும் 70.

ரகசியம் ஒன்றும் இல்லை. 11 இரவில் நாலு இரவு பஸ்ஸிலேயே கழிந்தது. மீதி ஏழுக்குத்தான் படுக்கை, சராசரி 26 யூரோ. நம்மில் பலருக்கு, மாணவர் விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் பிளாக்ட் அக்கவுண்டிலிருந்து மாதம் 992 யூரோதான் வெளியே வரும், அதில் வாடகையும் காப்பீடும் போய்விடும். இரவுப் பஸ் இல்லாமல் இந்தப் பயணம் நடந்தே இருக்காது. எல்லோரும் தாராளமாகச் செய்யலாம்.

மெதுநடை:
தம்பி, வாழ்த்துகள். ஆனால் "எல்லோரும் தாராளமாக" என்பதில்தான் எனக்குச் சண்டை.

நாலு இரவு, இரவுக்கு 26. உங்கள் மிச்சம் 104 யூரோ. இனி அடுத்த பக்கத்தையும் எழுதுங்கள். இரவுப் பஸ் விடியற்காலை ஐந்து மணிக்கு இறக்கிவிடும். ஹாஸ்டல் அறை மதியம்தான் கிடைக்கும். பையை லாக்கரில் போடக் காசு, முகம் கழுவக் காசு, குளிர் தாங்காமல் உள்ளே உட்கார ஒரு காபி. எல்லாம் முடிந்து மதியம் வரை கண் சொருகும். நாலு இரவுக்கு நாலு அரை நாள், அதாவது இரண்டு முழு நாள். 550-ஐ 12-ஆல் வகுத்தால் ஒரு நாளின் விலை ஏறத்தாழ 46 யூரோ. இரண்டு நாளுக்கு 92. லாக்கரையும் சேர்த்தால் மிச்சம் எங்கே?

ஒரே ஒரு கேள்வி. மிலானில் என்ன பார்த்தீர்கள்?

ஆகன்_பையன்:
அண்ணா, அது அநியாயமான கேள்வி. :)

உண்மையைச் சொல்கிறேன். பாரிஸிலிருந்து ராத்திரி முழுக்கப் பஸ். மிலானில் இறங்கி டுவோமோ தேவாலயத்தை வெளியே நின்று பார்த்தோம், படம் எடுத்தோம். அப்புறம் ஸ்ஃபோர்ட்ஸா கோட்டைக்குப் பின்னால் உள்ள செம்பியோனே பூங்காவில் பையைத் தலைக்கு வைத்து நாலு பேரும் தூங்கிவிட்டோம். எழுந்தபோது மணி மூன்று. மாலையில் வெனிஸுக்குக் கிளம்பிவிட்டோம். அதனால் என்ன? தீபாவளிக்குக் கிளாம்பாக்கத்தில் பஸ் பிடித்துத் திருநெல்வேலி வரை முதுகு ஒடியப் போனவர்கள்தானே நாம்? 23 வயதில் இதெல்லாம் ஒரு கஷ்டமா?

மலைக்கோட்டை_மைதிலி:
ஆகன் தம்பி, உங்கள் கூட்டத்தில் பெண் யாரும் இல்லை என்று நினைக்கிறேன்.

நாங்கள் மூன்று பெண்கள் இதே பாரிஸ் பாதையில் போனோம். பஸ் நாலரைக்கே பெர்சி நிலையத்தில் இறக்கிவிட்டது. அது பூங்காவை ஒட்டிய இடம், அந்த நேரத்தில் வெளியே ஆள் நடமாட்டமே இல்லை. மெட்ரோ ஓடத் தொடங்குவது ஐந்தரை வாக்கில்தான். அந்த ஒரு மணி நேரம் ஒருத்தி மாற்றி ஒருத்தி விழித்திருந்தோம். அசம்பாவிதம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரம் உங்கள் கணக்கில் எந்த வரியில் வரும்?

அதற்கப்புறம் எங்களுக்கு ஒரே விதி. காலை ஏழுக்கு முன் போய்ச் சேரும் பஸ்ஸில் ஏறுவதில்லை. பெண்களுக்கு மட்டுமான அறைக்குச் சில யூரோ கூடுதல் கேட்டால் கொடுத்துவிடுகிறோம். எங்கள் பயணம் உங்களுடையதைவிடக் கூடுதல் செலவுதான். அதை ஆடம்பரம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

ஆகன்_பையன்:
அக்கா, அது எனக்குத் தோன்றவே இல்லை. "எல்லோரும்" என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். பஸ்ஸை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன்.

ரயில்_கிறுக்கன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பஸ்ஸா ஹாஸ்டலா என்றே அடித்துக்கொள்கிறீர்களே, ஒரே சீட்டில் பல ஐரோப்பிய நாடுகளில் ரயில் ஏற விடும் இன்டர்ரெயில் பாஸ் ஞாபகம் வரவில்லையா?

"அது ஐரோப்பியக் குடிமக்களுக்குத்தான், நமக்கு வெளியாட்களுக்கான யூரெயில் பாஸ்தான்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். தவறு. எங்கே குடியிருக்கிறோம் என்பதுதான் கணக்கு. ஜெர்மன் வசிப்பு அட்டை இருக்கும் இந்திய மாணவர் இன்டர்ரெயில் வாங்கலாம். 27 வயது வரை இளையோர் விலை. ஒரு மாதத்துக்குள் 4 பயண நாள் என்று வாங்கினால், ஒரு நாளில் எத்தனை ரயில் வேண்டுமானாலும் ஏறலாம். இரவு ரயிலுக்கு ஏறும் நாள் மட்டும்தான் கழியும். வியன்னாவிலிருந்து வெனிஸுக்கு நைட்ஜெட் என்ற இரவு ரயில் ஓடுகிறது, கால் நீட்டிப் படுத்துக்கொண்டே போகலாம்.

மெதுநடை:
கிறுக்கரே, பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்காதீர்கள். குடியிருக்கும் நாட்டுக்குள் அந்தப் பாஸில் வெளியே போக ஒரு பயணம், திரும்பி வர ஒரு பயணம், அவ்வளவுதான். பிரான்ஸின் டிஜிவி அதிவேக ரயில், இத்தாலியின் அதிவேக ரயில், இரவு ரயில் எல்லாவற்றுக்கும் முன்பதிவுக் காசு தனி. பாரிஸ், மிலான், வெனிஸ் என்று போகிறவருக்கு அது வலிக்கும்.

ரயில்_கிறுக்கன்:
ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் ஆஸ்திரியா பக்கம் போகச் சொல்கிறேன். அங்கே பகல் ரயில்களில் பெரும்பாலும் முன்பதிவு இல்லாமலே ஏறிவிடலாம்.

பாரிஸ்_சித்தப்பா:
பிள்ளையள் இவ்வளவு கணக்குப் பார்க்கிறீங்கள், பாரிஸில் எங்கே சாப்பிட்டீங்கள் என்று ஒருத்தரும் சொல்லவில்லையே! கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து நடந்து வாற தூரம்தான் லா சப்பல். தோசை, கொத்து ரொட்டி, மரக்கறிச் சோறு எல்லாம் தமிழில் கேட்டு வாங்கலாம். 1983-க்குப் பிறகு வந்த எங்கட சனம் உண்டாக்கின தெரு அது. அடுத்த முறை அங்கே வந்து வயிறாரச் சாப்பிடுங்கோ.

இன்னொன்று, 26 வயதுக்குக் கீழே, ஐரோப்பாவில் வசிப்பு அட்டை இருந்தால் லூவ்ர் அருங்காட்சியகம் இலவசம். இணையத்தில் நேரம் மட்டும் முன்பதிவு செய்யவேணும்.

ஆகன்_பையன்:
சித்தப்பா, லூவ்ர் விஷயம் தெரிந்திருந்தால் உள்ளேயே போயிருப்போம். நாங்கள் வெளியே கண்ணாடிப் பிரமிடோடு படம் எடுத்துவிட்டுத் திரும்பினோம். சாப்பாட்டுக்கு ஊரிலிருந்து வந்த புளிக்காய்ச்சலும், ஹாஸ்டல் சமையலறையில் வடித்த சோறும். மூன்றாம் நாளே நண்பன் ஒருவன் "புளி வாசனை வந்தாலே ஈஃபில் கோபுரம் கண்ணில் தெரிகிறது" என்றான்.

இன்னொரு விஷயத்தை முதலில் மறைத்துவிட்டேன். பிராகிலிருந்து திரும்பிய இரவுப் பஸ்ஸை ஜெர்மன் எல்லையில் போலீஸ் நிறுத்தியது. எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் நாடுகள்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று ஒருவன் பாஸ்போர்ட்டை ஆகனிலேயே வைத்துவிட்டு வசிப்பு அட்டையோடு மட்டும் வந்திருந்தான். அவனை இறக்கி விசாரித்தார்கள். பஸ் காத்திருக்கவில்லை. அவனைத் தனியே விட மனமில்லாமல் நானும் இறங்கினேன். முக்கால் மணி நேரத்தில் விட்டுவிட்டார்கள். விடியும் வரை நின்றுவிட்டு ரயில் மாறி மாறி வீடு வந்தோம். அந்த டிக்கெட் காசு 550-இல் இல்லை.

மெதுநடை:
அதுதானே பார்த்தேன்! 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது. பாஸ்போர்ட், வசிப்பு அட்டை இரண்டும் கையில் வேண்டும். அந்த அட்டையை வைத்து மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

நான் சொல்வது இவ்வளவுதான். உங்களிடம் டாய்ச்லாண்ட் டிக்கெட், அதுதான் ஜெர்மனி முழுக்க வட்டார ரயிலில் போகும் மாதச் சீட்டு, இருக்குமே? அது சால்ஸ்பர்க் நிலையம் வரை செல்லும். வட்டார ரயில்களில் மெதுவாகப் போகலாம், பயணச் செலவு பூஜ்யம். அங்கே ஐந்து இரவு ஒரே படுக்கை. காலையில் எழுந்து மலையைப் பாருங்கள். ஆறு ஊருக்குப் பதில் ஒரு ஊர்.

ஆகன்_பையன்:
அண்ணா, ஆகனிலிருந்து சால்ஸ்பர்க் வட்டார ரயிலில் ஒரு நாள் முழுக்கப் போய்விடுமே! அந்த நாளின் விலை 46 யூரோ என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

மலைக்கோட்டை_மைதிலி:
மெதுநடை சார், மாட்டிக்கொண்டீர்கள்.

மெதுநடை:
சரி, அந்த 46 என் கணக்கில் போகட்டும். ஆனால் ரயிலில் ஜன்னல் உண்டு, ரைன் நதி தெரியும். நடுராத்திரிப் பஸ்ஸில் என்ன தெரியும்?

ஆகன்_பையன்:
முன் சீட்டுக்காரர் தலை. :)

நண்பர்களிடம் பேசிவிட்டேன். அடுத்த விடுமுறைக்கு சால்ஸ்பர்க், அங்கிருந்து புடாபெஸ்டுக்கு ஒரே ஒரு இரவுப் பஸ். ஏழு மணிக்கு மேல் போய்ச் சேருவதாகப் பார்த்து எடுக்கிறோம், மைதிலி அக்கா. இரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள். பாஸ்போர்ட்டை மறந்தவன் மட்டும், புளிக்காய்ச்சல் இல்லையென்றால்தான் வருவேன் என்கிறான்.