கடலோரம் வீடும் கட்ட வேண்டும், கைட்டும் (பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடலில் சறுக்கும் விளையாட்டு) விட வேண்டும். எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

உப்புக்கை:
கடலோரம் வீட்டு வேலை ஆரம்பித்து நான்கு மாதம் ஆகிறது. நினைத்த நேரத்தில் கைட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கலாம் என்றுதான் அந்த மனையையே வாங்கினேன். இப்போது பாதி எழும்பின சுவர் மேல் நின்று மற்றவர்கள் பறப்பதை வேடிக்கை பார்க்கிறேன். 15 நாட் (knot, மணிக்குச் சுமார் 28 கி.மீ.) வேகத்தில் காற்று அடிக்கும் நாளாகப் பார்த்துத்தான் மேஸ்திரியும் கூப்பிடுகிறார். மொத்தமாக ஒப்பந்தக்காரர் கையில் விட்டுவிடவும் பயம். யாருக்காவது இது ஒத்துவந்திருக்கிறதா?

மேல்காற்று:
வந்தது. கடற்காற்று எப்போது வரும் என்று பார்த்து நாளைப் பிரித்துக்கொண்டேன், அவ்வளவுதான். வெயிலில் தரை சூடேறிய பிறகுதான் கடலிலிருந்து காற்று கிளம்பும், பெரும்பாலும் மதியத்துக்கு மேல் வலுத்து, பொழுது சாயும்போது அடங்கிவிடும். அதனால் காலை முழுக்க சைட், மதியத்துக்கு மேல் தண்ணீர். இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது: நமக்கு நல்ல காற்று புதுக் கான்கிரீட்டுக்கு ஆகாது. வெயிலும் காற்றும் சேர்ந்து மேல்பரப்பு ஈரத்தை உறிஞ்சிவிட்டால் தளம் இறுகுவதற்கு முன்பே விரிசல் விடும். ஆகவே தளம் போடுவதை விடியற்காலையில் வைக்கச் சொல்லுங்கள், போட்டதும் ஷீட்டோ ஈரச் சாக்கோ மூடி, குறைந்தது 7 நாள் தண்ணீர் காட்ட ஆள் வையுங்கள். அப்புறம் மதியம் நீங்கள் அங்கே நின்று என்ன செய்யப்போகிறீர்கள்?

கம்பிக்காரன்:
மேலே சொன்னது சரி, ஆனால் சில நாள் எவ்வளவு காற்று அடித்தாலும் சைட்டை விட்டு நகரக் கூடாது. கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் ஊற்றுவதற்கு முந்தின நாள் அப்படி ஒரு நாள். கடலோரத்தில் வீட்டுக்கு எமன் உப்புதான். குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டால் துரு பிடித்து, கம்பி பருத்து, கான்கிரீட்டையே வெடிக்கவைக்கும். கவர் பிளாக் (கம்பி பலகையில் ஒட்டாமல் இடைவெளி விட வைக்கும் சின்னக் கட்டை) ஒழுங்காக வைத்திருக்கிறார்களா, இன்ஜினியர் சொன்ன அளவு இருக்கிறதா என்று டேப் வைத்துப் பாருங்கள், டேப்போடு சேர்த்துப் போட்டோவும் எடுங்கள், ஊற்றிய பிறகு யாராலும் பார்க்க முடியாது. கடற்கரை மணலும் உப்புத் தண்ணீரும் கலவைக்குள் வரவே கூடாது. நான் ஒரே ஒரு நாள், நல்ல காற்று என்று, போய்விட்டேன். திரும்பி வந்தபோது இரண்டு பில்லரில் கம்பி பலகையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. பிரித்துத் திரும்பக் கட்டவைத்தேன், ஒரு வாரம் போயிற்று.

பழைய பாய்மரம்:
யாரும் சாமான் அறையைப் பற்றிச் சொல்லவில்லையே. விண்ட்சர்ஃபிங் (பாய் கட்டிய பலகையில் சறுக்குவது) மாஸ்ட், அதாவது பாயைத் தாங்கும் கம்பம், இரண்டாகக் கழன்றாலும் ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும், போர்டோடு திரும்ப இடம் விட்டுக் கதவு வையுங்கள். வெளியே ஒரு நல்ல தண்ணீர்க் குழாய், கைட்டைக் காயப்போட நிழல். வெயிலில் கிடந்தால் துணி சீக்கிரம் போய்விடும். வெளியே போடும் கீல், திருகாணி எல்லாம் 316 ஸ்டெயின்லெஸ், உப்பை நன்றாகத் தாங்கும் எஃகு ரகம். அதிலும் பழுப்புக் கறை வரும், அவ்வப்போது கழுவிவிடுங்கள். வீட்டுக்கு முன்னாலேயே கைட்டைக் கிளப்பும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள், கயிறே 20 மீட்டருக்கு மேல் வரும், சுவர், மரம், மின்கம்பி எல்லாம் கிட்டத்தில். கட்டடத்துக்குப் பக்கத்தில் காற்றும் குழம்பித்தான் வரும்.

உப்புக்கை:
கடைசி வரி வலிக்கிறது, அதற்காகத்தானே மனை வாங்கினேன்! பரவாயில்லை, நடந்துபோய்த் திறந்த மணலில் கிளப்புகிறேன். வியாழன் அன்று மாடித் தளம், விடியற்காலை 5 மணிக்கு வரச் சொல்லிவிட்டேன். மேஸ்திரி ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மேல்காற்று:
புதன் சாயங்காலம் கம்பியைப் பார்த்துவிடுங்கள், மறக்காமல்.