வால்ராவன் வான் ஹாலுக்கு வெண்கல மரமா, பித்தளைக் கல்லா?

தேரிமணல்:
ஆம்ஸ்டர்டாமில் ஃப்ரெடரிக்ஸ்பிளைன் சதுக்கத்தில், நெதர்லாந்து மத்திய வங்கியை ஒட்டி, விழுந்த மரம் ஒன்று வெண்கலத்தில் கிடக்கிறது. 2010இல் திறந்தார்கள். செய்தவர் ஸ்பானியச் சிற்பி ஃபெர்னாண்டோ சாஞ்செஸ் காஸ்டியோ. நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் எதிர்ப்பியக்கத்துக்குப் பணம் திரட்டிய வால்ராவன் வான் ஹாலின் நினைவுச்சின்னம் அது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மரத்தின் உருவம் ஆளின் பெயரைச் சொல்லாது. அதைவிட ஒரு இடறுகல் போதும், நாஜிகளுக்குப் பலியானவர்களின் நினைவாக நடைபாதையில் பதிக்கும் சிறு பித்தளைத் தகட்டுக் கல்: பெயர், பிறந்த ஆண்டு, கைதான நாள், சுடப்பட்ட நாள். நடந்து போகிறவர் பத்து நொடியில் படித்துவிடுவார்.

மரநிழல்:
அந்தப் பத்து நொடியில் அவர் செய்தது என்னவென்று தெரியுமா? கருவூல உறுதிச்சீட்டுகளை, அதாவது அரசின் கடன் பத்திரங்களைப் போலியாக அச்சடித்து, வங்கிப் பெட்டகத்தில் இருந்த அசலை எடுத்துக்கொண்டு போலியை அங்கே வைத்தார்கள். அசலைக் காசாக்கினார்கள். சுமார் 5 கோடி கில்டர், அன்றைய டச்சு நாணயத்தில். தலைமைக் காசாளரின் ஒத்துழைப்போடு நடந்தது. வங்கித் தலைவர் ரோஸ்ட் வான் டோனிங்கன் டச்சு நாஜி, அவர் மூக்குக்குக் கீழேயே! 1944 செப்டம்பரில் லண்டனில் தஞ்சம் புகுந்திருந்த டச்சு அரசு ரயில் வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விட்டபோது, வேலைக்குப் போகாத சுமார் 30,000 ரயில்வே ஊழியர்களின் வீட்டில் அடுப்பு எரிந்தது இந்த ஏற்பாட்டில்தான். ஆகவே சின்னம் அந்த வங்கிப் பக்கம்தான் இருக்கவேண்டும். இடறுகல்லை அங்கே பதிக்க விதியே இடம் தராது. கடைசியாகத் தன் விருப்பப்படி குடியிருந்த வீட்டின் வாசல்தான் அதற்கு இடம். வான் ஹால் குடும்பம் போர்க்காலத்தில் இருந்தது ஆம்ஸ்டர்டாமுக்கு அருகிலுள்ள ஸாண்டாம் ஊரில்.

தேரிமணல்:
ஸாண்டாமிலேயே இருக்கட்டும், அதுதான் நல்லது. வங்கி வாசலில் நிற்பது "எதிர்ப்பியக்கத்தின் வங்கியாளர்". வீட்டு வாசலில் இருப்பவர் மூன்று பிள்ளைகளின் அப்பா. 1945 ஜனவரி 27 அன்று ஆம்ஸ்டர்டாமில் பிடிபட்டார், பிப்ரவரி 12 அன்று ஹார்லமில் சுட்டார்கள். 39 வயது முடிந்து இரண்டே நாள். இதைச் சொல்ல வெண்கலம் எதற்கு?

மரநிழல்:
அந்த அப்பாவின் பெயரைத்தான் தரையில் போட்டு மிதிக்கச் சொல்கிறீர்கள். ம்யூனிக் நகரம் பொது இடத்தில் இந்தக் கற்களுக்கு இன்றும் அனுமதி தருவதில்லை. அங்கே யூத சமூகத் தலைவர் சார்லட் க்னோப்ளோக் எழுப்பிய ஆட்சேபம் இதேதான். 2018இலிருந்து அங்கே சுவர்ப்பலகையும் கண்மட்டத் தூணும் வைக்கிறார்கள்.

தேரிமணல்:
10 சென்டிமீட்டர் கல்லில் இருப்பதைப் படிக்கக் குனிய வேண்டும், ஐயா. குனிகிறவன் மிதிக்கிறானா வணங்குகிறானா என்பது பார்க்கிறவர் கண்ணைப் பொறுத்தது. சுவர்ப்பலகைக்கு வீட்டு உரிமையாளர் சம்மதமும் வேண்டும். நடைபாதை நகராட்சியுடையது, அங்கே ஓர் அனுமதியோடு வேலை முடியும்.

கல்லுளி:
இருவரும் பொருளைப் பற்றியே பேசுகிறீர்கள். கல் கெடுவது வேறு இடத்தில்.

96 மி.மீ. சதுரப் பித்தளைத் தகட்டில் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் அடிக்கிறார்கள். விளிம்பை மடக்கி, பின்னால் கான்கிரீட் ஊற்றினால் 10 செ.மீ. கனசதுரம். டச்சு நடைபாதைப் பலகையோ 30 செ.மீ. சதுரம், கனம் ஐந்து செ.மீ. அளவுதான். ஒரு பலகையைத் தூக்கினால் அடியில் மணல். இன்னும் ஐந்து செ.மீ. தோண்டவேண்டும். தோண்டிய மணலை நனைத்து இடிக்காமல் கல்லை வைத்தால் ஒரு குளிர்காலத்தில் அது அமுங்கும், மேலே குட்டை நிற்கும், எழுத்துப் பள்ளத்தில் சேறு அடையும். மூன்று மி.மீ. உயர்ந்து நின்றாலோ பெயருக்கேற்ப உண்மையிலேயே இடறிவிடும். ரப்பர் சுத்தியல், மட்டக்கோல் இல்லாமல் இறங்காதீர்கள். மீதி இடத்தைச் சிறு செங்கற்களால் அடைப்பதே சுலபம். பலகையை "ட" வடிவில் வெட்டினால் உள்மூலையில் விரிசல் விடும்.

அடுத்தது, குழாய், கேபிள் பதிக்க வருகிறவர்கள். கல்லின் இடம் நகராட்சியின் வேலை வரைபடத்தில் இல்லையென்றால் அது இடிபாட்டோடு லாரியில் போகும்.

மரநிழல்:
துலக்குவதைப் பற்றியும் சொல்லுங்கள். பித்தளை கறுத்துப்போய்ப் படிக்க முடியாமல் கிடக்கும் கற்கள்தானே அதிகம்?

கல்லுளி:
ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, உலோகத் துலக்குப் பசையும் பருத்தித் துணியும் போதும். அட்டையில் 10 செ.மீ. சதுர ஓட்டை வெட்டிக் கல்லைச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பசை பக்கத்துக் கல்லில் வெள்ளையாகப் படியும். கம்பிப் பிரஷ் வேண்டாம். நம் வீட்டுக் குத்துவிளக்குப் பழக்கத்தில் புளியும் உப்பும் போட்டுவிடாதீர்கள். அமிலமும் உப்பும் பித்தளையில் கலந்திருக்கும் துத்தநாகத்தைத் தின்றால் தகடு செம்பு நிறமாகத் திட்டுத்திட்டாக மாறும். பனிக்காலத்தில் தூவும் உப்பும் இதே வேலையைச் செய்யும், அதனால் மார்ச்சில் முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் பசை.

வெண்கல மரமும் சும்மா கிடந்துவிடாது. மிதமான சோப்பில் கழுவி, காய்ந்தபின் மெழுகு பூசவேண்டும். கிளை மடிப்பில் நீர் தேங்கினால் பச்சைப் பொடியாக அரிக்கும். குழந்தைகள் ஏறி உட்காரும் இடம் மட்டும் பொன்னாக மின்னும். அதைச் சேதம் என்று நான் சொல்லமாட்டேன்.

மரநிழல்:
சரி, ஸாண்டாமில் ஒரு கல் என்றே வைத்துக்கொள்வோம். "இங்கு வாழ்ந்தவர்" என்பதோடு நிறுத்தாதீர்கள். "எதிர்ப்புப் போராளி" என்ற சொல் வேண்டும். முகாமில் இறந்தவர்களுக்குப் பொதுவாகப் போடும் "கொலையுண்டார்" வேண்டாம், "சுடப்பட்டார்" என்பதற்கான டச்சுச் சொல் "ஹெஃபூசிலேர்ட்" வேண்டும்.

தேரிமணல்:
அதில் எனக்கு மறுப்பே இல்லை.

கல்லுளி:
தகட்டுக்கும் மறுப்பு இருக்கக்கூடாதே. "ஹெஃபூசிலேர்ட்" டச்சில் 12 எழுத்து, அடங்கும். "எதிர்ப்புப் போராளி"க்கு அவர்கள் சொல்லும் "ஃபெர்ஸெட்ஸ்ட்ரைடர்" 15 எழுத்து. இரு ஓரத்திலும் 8 மி.மீ. விட்டால் மிச்சம் 80. எழுத்துக்கு ஐந்தேகால் மி.மீ. நெருக்கி அடித்தால் நின்றபடி படிக்க முடியாது. "எதிர்ப்பில்" என்று பொருள்படும் "இன் ஃபெர்ஸெட்" போடுங்கள், இடைவெளியோடு ஒன்பதுதான். பெயரை இரண்டு வரியாக உடையுங்கள்: மேலே வால்ராவன், கீழே வான் ஹால்.