நாவல் படித்துச் சொல் சேர்ப்பது எப்படி? 74 கணவாயில் மாட்டிக்கொண்டேன்

தாராவித் தம்பி:

வணக்கம். வயது 29. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், ஆனால் பிறந்து வளர்ந்தது மும்பை தாராவி, 90 அடி சாலை. படித்தது இங்கிலீஷ் மீடியம். தமிழ் எழுத்தைக் கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டி ஆச்சிதான் சொல்லிக் கொடுத்தாள். பேச்சுக்குக் குறைவில்லை. ஆனால் எங்கள் வீட்டுத் தமிழ் இந்தியும் மராத்தியும் கலந்தது. எப்படி என்றால், கிட்கியை மூடு, பங்காவைப் போடு, அரைக்கிலோ காந்தா வாங்கி வா. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ‘ஜன்னல்’ என்ற சொல் வாய்க்கு வரவே இல்லை, கிட்கி என்றுதான் வந்தது. அத்தை மகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

சரி, நாவல் படித்துத் தேற்றிக்கொள்ளலாம் என்று ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தை எடுத்தேன். ஆபீஸ் தானேயில். காலையில் ஊரே ரயிலில் சிஎஸ்எம்டி நிலையத்துப் பக்கம் போக, நான் சயானில் ஏறி எதிர்ப்பக்கம் போகிறேன், உட்கார்ந்து படிக்க இடம் கிடைக்கும். தெரியாத சொல் வந்தால் நிறுத்தி, போனில் பொருள் தேடி, நோட்டில் எழுதுவேன். மூன்று வாரத்தில் 212 சொற்கள் சேர்ந்தன. கதை இன்னும் ஐந்தாம் அத்தியாயம் குரவைக் கூத்தையே தாண்டவில்லை. நேற்று நோட்டை மூடி வைத்துவிட்டு எனக்கு நானே பரீட்சை வைத்தேன். 19 தேறியது.

முதல் அத்தியாயத்திலேயே வீரநாராயண ஏரிக்கு 74 கணவாய் என்று வந்தது. எனக்குத் தெரிந்த கணவாய் ஆச்சி மீன்காரியிடம் பேரம் பேசி வாங்குவது. ஏரியில் எண்ணிப் பார்த்து 74 கணவாய் மீன் விட்டார்களா என்று குழம்பிப் போனேன். போனில் தேடினால் மலைகளுக்கு நடுவே உள்ள வழி என்கிறது. தட்டையான ஏரியில் மலை எங்கிருந்து வந்தது?

நான் செய்யும் முறை தவறா, புத்தகம் தவறா?

ஒன்பதாம் தளம்:

212 சொல்லையும் ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள் காட்டுகிற கார்டு ஆப்பில் ஏற்றி தினமும் 20 பாருங்க ப்ரோ. ஜெர்மன் பரீட்சைக்கு நான் அப்படித்தான் செய்தேன். பாஸ்.

செம்பூர் அக்கா:

தம்பி, கார்டு கெடுதல் இல்லை. ஆனால் உன் வியாதி வேறு. நீ கதை படிக்கவில்லை, அகராதிக்கு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

அந்தக் கணவாயையே எடுத்துக்கொள். மலைக்கு நடுவே ஆள் போகிற வழியும் கணவாய்தான், ஏரிக்கரையில் தண்ணீர் வெளியேறுகிற வழியும் கணவாய்தான். மதகு என்று சொல்வார்களே, அது. நிறுத்தாமல் நான்கு வரி போயிருந்தால் தண்ணீர் அதன் வழியாகப் பாய்வதை நீயே பார்த்திருப்பாய். அது ஆடிப் பதினெட்டாம் பெருக்கு நாள். ஏரி நிரம்பி நிற்கிறது. அந்த ஏரிதான் இன்று கடலூர் மாவட்டத்தில் இருக்கிற வீராணம், சென்னைக்குக் குடிநீர் போகிற அதே ஏரி. இந்தக் காட்சி மனதில் விழுந்துவிட்டால் சொல் தானாக ஒட்டும். நோட்டில் ‘கணவாய் = வழி’ என்று எழுதினால் மறுநாள் காற்றில் போய்விடும்.

நான் ஏழாம் வகுப்பு வரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி. அப்புறம் இங்கிலீஷுக்கு மாற்றிவிட்டார்கள், தமிழ் அறுந்தது. முப்பது வயதில் திரும்பத் தொட்டபோது எனக்கும் உன் கதிதான். கடைசியில் கைகொடுத்தது ஒரு பென்சில். தெரியாத சொல்லின் மேல் ஒரு புள்ளி வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அதே சொல் இன்னொரு பக்கத்தில் வந்தால் அங்கேயும் ஒரு புள்ளி. மூன்றாவது புள்ளி விழுந்தால்தான் அகராதி. ஒரு தடவை மட்டும் தலை காட்டிவிட்டுப் போகிற சொல்லை விட்டுவிடு, குடி முழுகாது. இந்த நாவல் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர்கதை. போன வாரம் படித்ததை மறந்தவர்களுக்காகவும் எழுதியது. ஆளும் இடமும் சொல்லும் திரும்பத் திரும்ப வரும். நமக்கு அது லாபம்.

இன்னொன்று யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அகராதியில் நீ எதைத் தேடுகிறாய்? ‘நின்றான்’ என்று தேடினால் கிடைக்காது, ‘நில்’ என்று தேட வேண்டும். சென்றான் ‘செல்’லில் இருப்பான், கண்டான் ‘காண்’இல், வெந்தது ‘வே’யில். இன்றைய தமிழுக்கான க்ரியா அகராதியில் ‘நில்’லுக்குப் பக்கத்திலேயே நிற்க, நின்று என்று போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துப் பார்த்தே எனக்குப் பழகியது. அடுத்தது சந்தி, அதாவது இரண்டு சொல் சேரும்போது எழுத்து மாறுவது. பொற்காசு என்பது பொன்னும் காசும். வாட்போர் என்பது வாளும் போரும். ‘வாட்’ என்று நாள் முழுக்கத் தேடினாலும் கரண்ட் பில் தான் கிடைக்கும். உன் 212இல் இந்த மாதிரி எத்தனை என்று எண்ணிப் பார். பாதிக்கு மேல் உனக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்கள் மாறுவேடத்தில் நிற்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

பழஞ்சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி, லெக்சிகன் என்பார்கள். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, லட்சம் சொல்லுக்கு மேல். சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

மாதுங்கா பழைய ஆள்:

அக்கா சொன்ன புள்ளி வைத்தியம் நல்லது. ஆனால் புத்தகத் தேர்வில் எனக்கு உடன்பாடில்லை. அரண்மனை, ஒற்றன், மூடுபல்லக்கு எல்லாம் கற்றுக்கொண்டு தம்பி எங்கே பேசப் போகிறார்? கிட்கிக்குப் பதிலாக ஊரில் போய்ச் சாளரம் என்றால் அத்தை மகள் இன்னும் பலமாகச் சிரிப்பாள். பால் நேஷன் என்ற மொழியியலாளர் இன்னொருவருடன் சேர்ந்து 2000இல் எழுதிய ஓர் ஆய்வு இருக்கிறது, இங்கிலீஷ் கற்பவர்களை வைத்துச் செய்தது. ஒரு கதையைத் துணையின்றிப் புரிந்துகொள்ள 100க்கு 98 சொல்லாவது முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் முடிவு. தமிழுக்கு அப்படியே பொருந்துமா என்பது வேறு விஷயம். ஆனாலும் முதலில் இன்றைய சிறுகதை, வாரப் பத்திரிகை, அப்புறம் சோழ நாடு.

செம்பூர் அக்கா:

அண்ணே, பிடித்த புத்தகத்தைப் பிடுங்கிவிட்டு வாரப் பத்திரிகை கொடுத்தால் பையன் திரும்ப மொபைலைத்தான் எடுப்பான். கதை இழுக்கிறதா இல்லையா, அதுதான் எனக்குக் கணக்கு.

தாராவித் தம்பி:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். நோட்டை மூடிவிட்டேன், பென்சில் மட்டும்தான். இப்போது 31ஆம் அத்தியாயம். மூன்று புள்ளி வாங்கிய சொற்கள் மொத்தமே 44. அக்கா, பந்தயத்தில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். பழைய 212இல் 120க்கு மேல் மாறுவேடம்தான். மாதுங்கா அண்ணனுக்கும் பாதி வெற்றி, இரவில் ஆச்சிக்குச் சிறுகதை ஒன்று வாசித்துக் காட்டுகிறேன். நான் தப்பாகப் படித்தால் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பாள், அதிலேயே தெரிந்துவிடும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுகிற மூலையை ஆச்சி ‘அங்கணம்’ என்பாள். பட்டிக்காட்டுச் சொல் என்று நினைத்து, நண்பர்கள் முன்னால் அவள் அதைச் சொன்னால் எனக்குக் கூச்சமாக இருக்கும். லெக்சிகனில் வேறு எதையோ தேடும்போது அது கண்ணில் பட்டது. அங்கிருந்து திருக்குறளுக்குப் போனேன். 720ஆவது குறள்: தனக்கு ஒத்தவர் அல்லாதவர் முன்னால் பேசுவது அங்கணத்தில் கொட்டிய அமிழ்து மாதிரி. ஆச்சிக்குப் படித்துக் காட்டினேன். “அங்கணத்துல எதுக்குல அமிழ்தக் கொட்டுதான்?” என்று கேட்டாள்.

அத்தை மகளுக்கு உடனே போன் போட்டு, அங்கணம் என்றால் என்ன என்று கேட்டேன். தெரியவில்லை. அவர்கள் வீட்டில் அது சிங்க்.