அந்தச் சிறுமிக்கு என் குரல் கேட்கவே இல்லை

மலைவழி:
இரண்டு ஆண்டுகளாகியும் மனதை விட்டு அகலவில்லை. மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். கையில் பிஎம்ஆர்446 (ஐரோப்பாவில் உரிமமின்றிப் பயன்படுத்தும் வாக்கி-டாக்கி), 8ஆம் சேனல். டோன் எதுவும் வைக்கவில்லை; டோன் என்பது பேச்சோடு சேர்ந்து போகும் அடையாள ஒலி, அதை வைத்த கருவி அதே டோனோடு வரும் குரலை மட்டுமே ஒலிக்கும். திடீரென ஒரு சிறுமியின் குரல்: “அப்பா, பனியில் பாதை தெரியவில்லை.” பக்கத்தில் நிற்பவள் போல அவ்வளவு தெளிவு. “நின்ற இடத்திலேயே இரு அம்மா, எங்கே இருக்கிறாய்?” என்று ஏழெட்டு முறை கேட்டேன். அவள் அப்பாவையே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு குரல் நின்றுவிட்டது. அவள் கருவியில் டோன் வைத்திருக்கிறார்கள். டோன் இல்லாத என் குரலுக்கு அதன் ஸ்பீக்கர் திறக்கவில்லை. வீடு திரும்பிய பிறகுதான் இது எனக்கு விளங்கியது.

இருசக்கரம்:
டோன்தான் காரணம் என்று எப்படி முடிவுகட்டினீர்கள்? பேசும் பொத்தானை விடாமல் அழுத்தியிருந்தாலும் எதுவும் கேட்காது. எங்கள் சைக்கிள் பயணத்தில் ஒருவருடைய பை வார் பொத்தானை அழுத்திவிட்டது. கருவி தானாகத் துண்டிக்கும்வரை 3 நிமிடமும் அவருடைய மூச்சிரைப்பு மட்டுமே எல்லோர் காதிலும். கடைசியில் வந்தவர் விழுந்து, எங்களைக் கூப்பிட்டதும் அந்த 3 நிமிடத்தில்தான்.

உயரமேடு:
பெட்டியில் 10 கிலோமீட்டர் என்று போட்டிருந்ததை நம்பிப் போனேன். ஒரு மேட்டைத் தாண்டியதும் மகனோடு தொடர்பு அறுந்தது. அந்தத் தூரம் தடையற்ற வெளிக்குத்தான் பொருந்தும். அமெரிக்காவில் இதேபோல் உரிமம் தேவைப்படாத எஃப்ஆர்எஸ் வாக்கி-டாக்கிகளில் 2017 முதல் சில சேனல்களில் 2 வாட் வரை அனுமதி உண்டு, பிஎம்ஆர்446இல் அரை வாட்தான். ஆனால் குன்று குறுக்கே நின்றால் வாட் கூடியும் பெரிதாகப் பயனில்லை. உயரமான இடத்துக்கு ஏறுங்கள். ஆண்டெனாவை மாற்றாதீர்கள், உரிமம் தேவையில்லை என்ற சலுகை அதோடு போய்விடும். 38 டோன்களை ‘ரகசியக் குறியீடு’ என்று விற்பதுதான் எனக்குப் பெருங்கோபம். அவை உங்கள் பேச்சை மறைப்பதில்லை, மற்றவர்கள் பேசுவது உங்கள் காதில் விழாமல் செய்கின்றன, அவ்வளவுதான். குழந்தைகள் கையில் கொடுக்கும்போது டோனை எடுத்துவிடுங்கள். மலைவழி, பல கருவிகளில் டோன் தேடும் வசதி உண்டு. அவள் பேசும்போது அதை இயக்கியிருந்தால் அவளுடைய டோன் கிடைத்திருக்கும்.

மலைவழி:
அந்த வசதி என் கருவியிலும் இருந்தது. அன்று எனக்குத் தெரியாது.
இருசக்கரம், அவள் பொத்தானை விட்டுவிட்டுத்தான் காத்திருந்தாள். ஒவ்வொரு முறையும் “அப்பா” என்று கூப்பிட்ட பிறகு ஓர் இடைவெளி விட்டாள். அந்த இடைவெளியில்தான் நான் பேசினேன்.