கேட்சிங் ஃபயர்: ஃபின்னிக் ஏன் பன்னை எண்ணிட்டே இருந்தான்னு இப்பதான் புரிஞ்சுச்சு

ஸ்பாய்லர் இருக்கு, படிக்காதவங்க இப்பவே கெளம்பிடுங்க.

ஹங்கர் கேம்ஸ் (பன்னெண்டு டிஸ்ட்ரிக்டா பிரிஞ்ச ஒரு நாட்டுல, புள்ளைங்கள ஒருத்தர ஒருத்தர் கொல்லுற போட்டியில இறக்கி விடுற நாவல் வரிசை) முதல் புக் முடிச்சப்ப ரெண்டாவதான கேட்சிங் ஃபயர் மேல எனக்குப் பெரிய நம்பிக்கை ஒண்ணும் இல்ல, போட்டி முடிஞ்சாச்சு, காட்னிஸும் பீட்டாவும் பொழச்சு ஊருக்கு வந்தாச்சு, இதுக்கு மேல என்னத்த எழுதிடப் போறாங்கன்னு ஒரு அலட்சியம். அந்த நெனப்போடதான் எக்மோர்ல நைட் ட்ரெயின் ஏறி அப்பர் பெர்த்துல படுத்துட்டு போன்ல ஓப்பன் பண்ணேன். நாலு சாப்டர், அப்புறம் தூக்கம், இதான் ப்ளான்.

மொத்தம் 27 அத்தியாயம், 18 முடியிற வரைக்கும் போட்டி நடக்கிற அரீனாவுக்குள்ளயே போகல. போரடிச்சிருக்கணும், ஆனா அடிக்கல. தலைநகரான கேபிடல்ல ஒரு விருந்து வரும் பாருங்க, வயிறு ரொம்பிடுச்சுன்னா வாந்தி எடுக்கிறதுக்குன்னே குட்டி க்ளாஸ்ல ஏதோ வச்சிருப்பாங்க, குடிச்சு கக்கிட்டு வந்து திரும்பவும் கட்டலாம். பீட்டாவுக்கு அதக் கேட்டதும் அப்படியே கை நின்னுரும், அவங்க ஊர்ல புள்ளைங்க பட்டினியில சாகுதுல்ல.

அதே விருந்துலதான் போட்டிய நடத்துற புது ஹெட் கேம்மேக்கர் ப்ளூட்டார்க் காட்னிஸ்கூட டான்ஸ் ஆடிட்டு தங்க வாட்ச எடுத்துக் காட்டுவான். கண்ணாடியில ஒரு செகண்ட் மாக்கிங்ஜே பறவை (காட்னிஸ் குத்தியிருக்கிற பேட்ஜ்ல இருக்கிற அதே பறவை) தெரிஞ்சு மறஞ்சிடும், மீட்டிங் நடுராத்திரிக்கு ஆரம்பிக்குதும்பான். பணக்காரன் சீன் போடுறான்னு நெனச்சுட்டு நான் பாட்டுக்கு அடுத்த பக்கம் போயிட்டேன். அப்புறம் 75வது போட்டி, பழைய ஜெயிச்சவங்களயே திரும்ப இறக்கி விடுறாங்க, வைரஸ்னு ஒரு அம்மா "டிக் டாக் டிக் டாக்"னு பொலம்பிட்டே இருக்கு, எல்லாரும் பைத்தியம்னு விட்டுடுறாங்க. பார்த்தா அரீனாவே ஒரு கடிகாரம்! 12 துண்டு, மணிக்கு ஒரு துண்டுல ஒரு ஆபத்து, பன்னெண்டு மணிக்கு மின்னல். அங்க எழுந்து உக்காந்தவன்தான், தலை கூரையில டங்குன்னு இடிச்சுது.

ஆனா நான் சொல்ல வந்தது பன்னு மேட்டர். அரீனாவுக்குள்ள வெளியிலேர்ந்து பாராசூட்ல ரொட்டி வரும்போதெல்லாம் காட்னிஸோட கூட்டாளி ஃபின்னிக் அத திருப்பித் திருப்பிப் பார்ப்பான், எண்ணுவான். என்னடா இவன் ரொட்டிய இந்தத் தடவு தடவுறான்னு காட்னிஸுக்கே தோணும், கஷ்டப்பட்டவன், பழக்க தோஷம்னு நானும் விட்டுட்டேன். கடைசியில பார்த்தா அது செய்தி! மூணாவது டிஸ்ட்ரிக்ட் ரொட்டின்னா மூணாவது நாள், 24 பன்னுன்னா 24வது மணி நேரம், அப்ப வந்து உங்களக் காப்பாத்திக் கூட்டிட்டுப் போயிடுவோம்னு கேபிடல எதிர்க்கிறவங்க சொல்றதா அர்த்தம். எல்லாத்தையும் கண்ணு முன்னாடியே வச்சிருந்திருக்காங்க, நமக்குத்தான் தெரியல. முதல் புக்ல இந்த வேலையே கெடையாது, அதுல யாரு சாவாங்கங்கிறதுதான் டென்ஷன். எனக்கு இதுதான் பெஸ்ட். காட்னிஸ் காதலிக்கிறது ஊர்ல இருக்கிற ஃப்ரெண்ட் கேலையா பீட்டாவையாங்கிற இழுவை மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணிருக்கலாம்.

உங்களுக்கு எந்த இடம்?

*

எனக்கு ஃபின்னிக் இல்ல, மேக்ஸ் பாட்டி. வயசு எண்பது, பேச்சு கூட சரியா வராது, ஒரு சின்னப் பொண்ணுக்குப் பதிலா தானே போறேன்னு வந்தவங்க. விஷப்புகை தொரத்திட்டு வருது, ஃபின்னிக்கால ஒருத்தரத்தான் தூக்க முடியும், காட்னிஸால பாட்டியத் தூக்க முடியல. பாட்டி ஃபின்னிக்குக்கு ஒரு முத்தம் குடுத்துட்டு நேரா புகைக்குள்ள நடந்து போயிடுவாங்க. ஒரு வார்த்தை கெடையாது. எங்க ஆச்சி அப்படித்தான், குழம்பு பத்தலன்னா எனக்குப் பசிக்கலன்னு எழுந்து போயிடும். ரெண்டு நாள் புக்கத் தொடல நான்.

*

நான் 2013ல படமாத்தான் மொதல்ல பார்த்தேன், புக் அப்புறம். முதல் போட்டியில செத்துப்போன சின்னப் பொண்ணு ரூவோட ஊரு 11வது டிஸ்ட்ரிக்ட், அங்க ரூவோட மெட்ட ஒரு கிழவர் விசிலடிப்பார், காட்னிஸுக்கு மரியாதையா கூட்டமே மூணு விரல தூக்கும், அடுத்த நிமிஷம் அவர இழுத்துட்டுப் போய் சுட்டுடுவாங்க. அப்ப படம்தானேன்னு இருந்துச்சு. 2014ல தாய்லாந்துல ராணுவம் ஆட்சியப் புடிச்சப்ப ஜனங்க அதே மூணு விரலக் காட்டி நின்னாங்க, 2021ல மியான்மர்லயும். டிவி நியூஸ்ல அந்தக் கைகளப் பார்த்த அன்னிக்கு ராத்திரிதான் புக்க எடுத்தேன். புக்ல அந்த சீன் இன்னும் மோசம், ஏன்னா நாம காட்னிஸ் தலைக்குள்ள இருக்கோம், தன்னாலதான் அவர் செத்தார்னு அவ நெனக்கிறத நாமளும் நெனச்சுட்டே படிக்கணும்.

ஆமா நைட்டு ட்ரெயின்ல முடிச்சீங்களா இல்லையா?

*

முடிச்சேங்க. காட்னிஸோட ஊரு, பன்னெண்டாவது டிஸ்ட்ரிக்டே இப்ப இல்லன்னு கேல் சொல்ற கடைசி வரி வந்தப்ப திண்டுக்கல் தாண்டிட்டோம். 2009ல படிச்சவங்க மூணாவது புக்குக்கு ஒரு வருஷம் காத்திருந்திருக்காங்க, பாவம். எனக்கு டவர் இல்ல, டவுன்லோட் சுத்திட்டே இருக்கு, கீழ் பெர்த் பெரியவர் வேற "தம்பி அந்த வெளிச்சத்த அணைப்பா"ங்கிறார். மதுரை ப்ளாட்ஃபார்ம்ல இறங்கி நின்னு டவுன்லோட் பண்ணிட்டு ஓடி வந்து ஏறினேன்.