பித்தளைக் குழாயின் வாயை ஒடுக்கினால் வெடிக்கிறது

கமம்_மாங்குளம்:
மருந்தடிக்கிற டாங்கியின் நீட்டுக்குழாய்க்கு, 16 மி.மீ. பித்தளைக் குழாயின் ஒரு முனையை 12 மி.மீ. ஆக ஒடுக்க வேணும். சுவர்த் தடிப்பு 1 மி.மீ. லேத்தில் கடைந்த டைக்குள் (ஒடுக்கிற அச்சு) வைத்து வைஸால் ஒரேயடியாக இறுக்கினால் வாய் நீளப்பாட்டுக்குப் பிளக்கிறது. பிளக்காமல் வந்த ஒன்று, யூரியாச் சாக்குக்குப் பக்கத்தில் இரண்டு கிழமை கிடந்து கழுத்தில் மயிரிழை வெடிப்பு விட்டது. காய்ச்சினால் சரிவருமா? வெற்றுத் தோட்டாக் கோதுப் பித்தளைதான் இதுக்குத் திறம் என்கிறார்களே?

பட்டறை_பரந்தன்:
அது இரண்டும் இரண்டு நோய். முதலாவது, அழுத்த அழுத்த உலோகம் இறுகிப்போனதால் வருவது.

முதலில் உலோகத்தைப் பாருங்கோ. ஒரு துளை போடுங்கோ. சீவல் நீளமாகச் சுருண்டு வந்தால் ஈயம் கலக்காத பித்தளை, 70 பங்கு செம்பு, 30 பங்கு நாகம் (துத்தநாகம்) மாதிரியானது. குளிரில் நன்றாக மடங்கும். பொடிப்பொடியாகக் கொட்டினால் ஈயம் கலந்த லேத் பித்தளை. அதைக் கடையலாம், ஒடுக்க முடியாது. காய்ச்சினாலும் பெரிய பலன் இல்லை.

நல்ல சாமான் என்றால் முனையில் 40 மி.மீ. மட்டும் காய்ச்சுங்கோ. மற்றப் பக்கத்தை ஈரத்துணியால் சுற்றுங்கோ. வெய்யிலில் செய்யக்கூடாது, சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. நிழலுக்குள் மங்கல் சிவப்பு தெரியத் தொடங்கினதும் நெருப்பை எடுங்கோ. 500 முதல் 600 பாகை செல்சியஸ் போதும். உடனே தண்ணீரில் போட்டாலும் ஆறவிட்டாலும் ஒன்றுதான், இரும்பைப் போல இறுகாது. வெள்ளைப் புகை எழும்பினால் நாகம் ஆவியாகிறது. அது அளவு மிஞ்சின சூடு, மூச்சில் எடுத்தால் காய்ச்சல் வரும்.

பிறகு 16, 15, 14. திரும்பக் காய்ச்சி 13, 12. ஒவ்வொரு அளவுக்கும் ஒரு டை, சரிவு பக்கத்துக்கு 12 முதல் 15 பாகை. சரிவு செங்குத்தானால் குழாய் உள்ளே போகாமல் மடிந்து நெளியும். ஈரச் சவர்க்காரம் மெல்லிசாகப் பூசினால் காணும். எண்ணெயை ஊற்றினால் அது டைக்குள் அடைபட்டு, குழாய் ஒடுங்கத் தொடங்கிற தோளில் பள்ளம் பள்ளமாகக் குத்தும். அடைபட்டது வெளியேற டையின் அடியில் 2 மி.மீ. துளை விடுங்கோ.

ஒடுக்க ஒடுக்கச் சுவர் தடிக்கும். உள்துளை 10 மி.மீ. தேவையென்றால் கடைசியில் ரீமர் (துளையைச் சீவி அளவாக்கிற கருவி) ஓட்ட வேண்டிவரும்.

உலோகம்_வவுனியா:
இரண்டாவது வெடிப்பு அமோனியாவின் வேலை. பிரித்தானியர் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்துக்குக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக் கோதுகளின் கழுத்தில் தாமாகவே வெடிப்பு விட்டது. குதிரை மூத்திரத்து அமோனியாவும், ஒடுக்கின கழுத்தில் மிஞ்சின இழுவிசையும் சேர்ந்ததுதான் காரணம் என்று 1921இல் விளக்கினார்கள். ஈரம்பட்ட யூரியாவும் மாட்டுக்கொட்டிலும் அதே வேலையைத்தான் செய்யும்.

வேலை முடிந்தபின் முழுத் துண்டையும் 260 பாகை செல்சியஸில் ஒரு மணித்தியாலம் வையுங்கோ. உறுதி குறையாது, உள்ளிழுவிசை போய்விடும். பேக்கரிப் போறணை இதுக்குத் தோதானது, சவர்க்காரத்தைக் கழுவிவிட்டு வைத்தால் சரி. பிறகும் பசளை வைக்கிற அறைக்குள் போடாதேங்கோ.

பட்டறை_பரந்தன்:
கோது விசயம்: உலோகம் அதே 70/30தான், மறுக்கவில்லை. ஆனால் வன்னிக் காணிகளில் கிடக்கிறதைத் தொடாதேங்கோ. வெடிக்காத குண்டுக்கும் வெற்றுக் கோதுக்கும் மண் மூடினபின் வித்தியாசம் தெரியாது. அடியிலுள்ள கேப் (மருந்தைப் பற்றவைக்கிற சிறு மூடி) வெடிக்காமல் இருந்தால் நெருப்புப் பட்டதும் வெடிக்கும். கண்ட இடத்தை அடையாளம் வைத்து, வந்த வழியே திரும்பிப் போய்ப் பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றுகிறவர்களுக்கோ சொல்லுங்கோ. குழாய் கடையில் வாங்கலாம்.

கமம்_மாங்குளம்:
நன்றி. இன்றைக்கு ஒன்று பிளக்காமல் வந்தது. ஆனால் கழுத்து தோடம்பழத் தோல் மாதிரிச் சொரசொரப்பு.

உலோகம்_வவுனியா:
சூடு கூடிப்போச்சு. உலோகத்துக்குள் இருக்கிற நுண்மணிகள் பெருத்துவிட்டன, திரும்பக் காய்ச்சினாலும் சிறுக்காது. ஓரத்தில் வெடிப்பு இல்லையென்றால் அரத்தாள் போட்டுப் பாவியுங்கோ. அடுத்ததுக்கு நெருப்பை அரைவாசி குறைத்து, குழாயை உருட்டிக்கொண்டே காட்டுங்கோ.