குறைந்த காசில் தீபாவளி ராத்திரிச் சாப்பாடு: நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

தலவாக்கலை அக்கா

எங்கள் வீட்டில் தீபாவளிக்கு ராத்திரிச் சாப்பாடுதான் முக்கியம். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, கோயிலுக்குப் போய்வந்து, அவரவர் வீட்டிலேயே தோசையோ இட்லியோ சாப்பிட்டுவிடுவோம். கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் தம்பிமார், மாமா குடும்பம், மேட்டு லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) சித்தியின் பிள்ளைகள் எல்லோரும் பொழுது சாய்ந்த பிறகுதான் ஒன்றாக உட்கார முடியும். எப்படியும் பதினைந்து பேர் தேறும். அம்மா தேயிலைத் தோட்ட வேலையை விட்டு நின்ற பிறகு இந்தப் பொறுப்பு என் கைக்கு வந்தது.

2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 24. அதற்கு முந்தின மாதம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அதாவது ஒரு வருடத்துக்கு முன்பு நூறு ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு இருநூறு ரூபாய் கிட்டக் கொடுக்க வேண்டும். சம்பளமோ 2021இல் கிடைத்த அதே ஆயிரம் ரூபாய்தான் ஒரு நாளைக்கு. அதுவும் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழுந்தால்தான். பறித்த கொழுந்து குறைந்தால் அரைப் பேர். தோட்டத்தில் கொடுக்கும் தீபாவளி முற்பணம் பிறகு மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுப்படும் கடன்தானே, அதை நம்பிக் கையை நீட்டிவிட முடியாது. "இந்த முறை யாரையும் கூப்பிட வேண்டாம்" என்று வீட்டில் பேச்சு வந்தது. எனக்கு மனசு ஒப்பவில்லை. வருடம் முழுக்கக் கொழும்பில் கடைக்குப் பின்னால் படுத்தெழும்பும் பிள்ளைகள் வீடு வருவதே இதற்குத்தான். ஆளைக் குறைக்கக் கூடாது, கறியைக் குறைக்கலாம் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். இன்று வரை அதுதான் என் கணக்கு.

முன்பெல்லாம் கோழி, கருவாடு, பருப்பு, இரண்டு மரக்கறி, அப்பளம், வடை, பாயாசம் என்று இலை நிறைய இருக்கும். இப்போது ஒரே ஒரு கறியை நன்றாகச் செய்கிறேன். அது கோழி. மற்றதெல்லாம் அதற்குத் துணை.

கோழிக் கடையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். இரண்டு கிலோ கேட்டு, சின்னத் துண்டாக வெட்டித் தரச் சொன்னேன். கடை முதலாளி கத்தியை வைத்துவிட்டு, "எத்தனை பேருக்குப் பிள்ளை?" என்று கேட்டார். பதினைந்து என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், நெஞ்சுத் துண்டை மட்டும் விற்ற கோழிகளின் கழுத்தையும் முதுகெலும்பையும் உள்ளேயிருந்து ஒரு பையில் கொண்டுவந்தார். "இதை முதலில் வேகவைத்து அந்தத் தண்ணியிலேயே குழம்பை வை, ருசி இதில்தான் இருக்கு" என்றார். அந்தப் பைக்கு வாங்கிய காசு மிகக் கொஞ்சம். இன்றைக்கும் அவர் சொன்னபடிதான் செய்கிறேன்.

எலும்புத் தண்ணீரில் குழம்பு வைத்து, கோழி பாதி வெந்ததும் இரண்டு கிலோ உருளைக்கிழங்கைப் பெரிய துண்டாக வெட்டிப் போடுவேன். முதலிலேயே போட்டால் கரைந்துவிடும். கெட்டியாக்கத் தேங்காய்ப்பால் பிழிவதில்லை. ஒரு பிடி அரிசியையும் அரை மூடித் தேங்காய்ப்பூவையும் (துருவல்) வெறும் சட்டியில் பொன்னிறமாக வறுத்து, பெருஞ்சீரகம் சேர்த்து அம்மியில் அரைத்துக் கரைத்து ஊற்றினால், மூன்று தேங்காய் பிழிந்த குழம்பு மாதிரி நிற்கும். பரிமாறுவதை மட்டும் வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன். பெரிய கரண்டி என் கையில் இருக்கும். எல்லோருக்கும் இரண்டு துண்டு கோழி, நிறையக் கிழங்கு, நிறையக் குழம்பு. கடைசியில் உட்காருகிறவருக்கும் கோழி இருக்கும்.

மரக்கறிக்குக் காசு கொடுப்பது எனக்கு ஆறவே ஆறாது. விளைவது இங்கே. அது லொறியில் தம்புள்ளை, கெப்பட்டிப்பொலை மொத்தச் சந்தைகளுக்குப் போய், விலை ஏறி, திரும்ப நம் டவுன் கடைக்கு வருகிறது. அதனால் தோட்டம் போடுகிறவர்களிடமே கேட்டு வாங்குகிறேன். ஒருமுறை ரோட்டோரமாக லீக்ஸ் கட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர், பச்சை இலைப் பக்கத்தை வெட்டிக் குவியலாகப் போட்டிருந்தார். எடுக்கலாமா என்று கேட்டேன். "மாட்டுக்குத்தான் போகுது, அள்ளிக்கிட்டுப் போ" என்று தன் சாக்கையே கொடுத்தார். அந்த இலை மடிப்புக்குள் மண் ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றாகப் பிரித்து, மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவி, மெல்லிசாக அரிந்து, செத்தல் மிளகாயும் கொஞ்சம் தேங்காய்ப்பூவும் போட்டுச் சுண்டினால் இனிப்பும் காரமுமாக இருக்கும். நோக்கோல் இலை, பீட்ரூட் இலை, முள்ளங்கி இலை எல்லாமே இப்படிச் செய்யலாம்.

வடை இல்லாமல் தீபாவளி இல்லை. அரைக் கிலோ கடலைப் பருப்பில் பொடியாக அரிந்த கோவாவை (முட்டைக்கோஸ்) கலந்தால் முப்பது வடை வரும். அகலச் சட்டி வேண்டாம், சின்னதாக ஆழமாக இருக்கும் சட்டியில் நாலு நாலாகப் பொரித்தால் எண்ணெய் பாதிதான் செலவாகும். நேரம் எடுக்கும், உண்மைதான். பிள்ளைகள் அடுப்படியில் சுற்றி உட்கார்ந்து கதை பேசும் நேரம் அதுதான், எனக்கு அது சந்தோஷம். விறகை மட்டும் முன்கூட்டியே வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். அக்டோபர் மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புத்தளைக்காரன்

அக்கா, எங்கள் லயத்தில் கோழி கிடையாது, ஆடுதான். தனியாக ஒரு வீட்டால் ஆட்டிறைச்சி வாங்க முடியாது. அதனால் எட்டு வீடு சேர்ந்து ஆறு மாதத்துக்கு முன்பே சீட்டு மாதிரிக் காசு சேர்த்து, ஆட்டை உயிரோடு வாங்கிவிடுவோம். இரண்டு மூன்று மாதம் லயத்துக்குப் பின்னாலேயே மேயும். கடையில் கிலோக் கணக்கில் வாங்குவதை விட நிறைய மிச்சம்.

கூறு போடுவதைப் பார்க்க வேண்டும். வாழை இலையில் எட்டுக் கூறு. தொடை, நெஞ்செலும்பு, ஈரல் எல்லாம் ஒவ்வொரு கூறிலும் கொஞ்சம் இருக்கும். தராசு கிடையாது, பெரியவர் ஒருவர் கண்ணால் பார்த்து இங்கே ஒரு துண்டை எடுத்து அங்கே வைப்பார். பிறகு ஒரு சின்னப் பிள்ளையை அந்தப் பக்கம் திரும்பி நிற்க வைத்து, "இது யாருக்கு?" என்று கேட்போம். அது சொல்லும் பெயருக்கு அந்தக் கூறு. அதனால் சண்டை வந்ததே இல்லை. போன வருடம் எங்களோடு சேர இருந்த ஒன்பதாவது வீட்டில் அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் அவர்களால் சீட்டுக் கட்ட முடியவில்லை. பெரியவர் எட்டுக் கூறையும் ஒன்பதாக்கினார். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெரியவர் மேல் எனக்கு இருந்த மரியாதை அன்றைக்கு இன்னும் கூடிப்போனது.

ஹட்டன் டீச்சர்

நாங்கள் வேதக்காரர் (கிறிஸ்தவர்), எங்களுக்கு நத்தார் (கிறிஸ்துமஸ்). ஆனால் கஷ்டம் ஒன்றுதான். கேக்குக்குப் போடும் கஜுவும் (முந்திரி) உலர்ந்த பழமும்தான் காசைத் தின்கிறது. வேலியில் கொடி கொடியாகக் காய்க்கும் சௌசௌவைச் சின்னச் சதுரமாக வெட்டி, இஞ்சி போட்ட சீனிப்பாகில் கண்ணாடி மாதிரி ஆகும்வரை காய்ச்சி வைத்துக்கொள்வேன். கஜுவுக்குப் பதில் வறுத்த நிலக்கடலை. நத்தார் ராத்திரி பூசை முடிந்து பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளைகளும் வருவார்கள். தீபாவளிக்கு அவர்கள் வடை எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும், அதனால் கேக்கில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

மஸ்கெலியா தம்பி

நான் வெள்ளவத்தையில் கடையில் நிற்கிறேன். ஊருக்கு வரும்போது என்ன கொண்டுவந்தால் அம்மாவுக்கு உண்மையிலேயே உதவும்? ஒவ்வொரு முறையும் பிஸ்கட் பெட்டியும் உடுப்பும்தான் வாங்குகிறேன்.

தலவாக்கலை அக்கா

தம்பி, நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று. தேங்காய் கொண்டு வாங்க. நம் குளிரில் தென்னை காய்க்காது, எல்லாம் கீழேயிருந்து வர வேண்டியதுதான். 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். என் தங்கையை எட்டியாந்தோட்டையில் கட்டிக்கொடுத்த இடம் கொஞ்சம் தென்னை உள்ள வீடு. அவள் வரும்போது தேங்காய் கொண்டுவருவாள், போகும்போது கிழங்கும் லீக்ஸும் கட்டிக்கொண்டு போவாள். தேங்காய் பாரமாக இருந்தால் எண்ணெய், பருப்பு, பெருஞ்சீரகம் போதும். அம்மாவிடம் முன்பே போன் போட்டு எது இல்லை என்று கேளுங்க. இல்லாவிட்டால் அவர் கடன் கொப்பியில் எழுதி வாங்கிவிடுவார், நீங்கள் கொண்டுவந்தது இரட்டிப்பாகிவிடும்.

அப்புத்தளைத் தம்பி, அந்த ஒன்பதாவது கூறை வாசித்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.

டீச்சர், சௌசௌவுக்குச் சீனி எவ்வளவு? காயின் எடைக்குப் பாதி போதுமா, சரிக்குச் சரி போட வேண்டுமா? இந்த முறை பாயாசத்துக்குப் பதில் அதைச் செய்து பார்க்கப் போகிறேன்.

ஹட்டன் டீச்சர்

இரண்டு நாளில் முடிந்துவிடும் என்றால் பாதி போதும் பிள்ளை. மாதக்கணக்கில் போத்தலில் இருக்க வேண்டுமென்றால் சரிக்குச் சரி போடுங்கள். முற்றின காய் வேண்டாம், நார் இருக்கும். வெட்டும்போது கையில் பிசின் ஒட்டும், தண்ணீருக்குள் வைத்தே தோலைச் சீவுங்கள்.